முகத்தை மாற்றுமுன் வாயைக் காட்டுங்கள்

தாடையையோ கன்னத்தையோ மூக்கையோ எடுப்பாக்க உள்ளே வைக்கும் முக உள்வைப்பு பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது செலவைத்தான். அடுத்து, கொழும்பில் எங்கே செய்கிறார்கள், எத்தனை நாளில் வீக்கம் வடியும் என்று கேட்பார்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களெங்கும் கைபேசி இருக்கிறது. கைபேசி இருக்கும் இடத்தில் எடுப்பான தாடைக்கும் நிமிர்ந்த மூக்குக்கும் விளம்பரமும் இருக்கிறது. அந்த விளம்பரங்களில் ஒன்றும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்கள் வாய் எப்படி இருக்கிறது? இந்த மாகாணத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது அதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு. 2006–2007 காலப்பகுதியில் ஹேமந்தா அமரசிங்க, நியூவல் ஜோன்சன், சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்ட ஆய்வாளர்கள் சப்ரகமுவ மாகாணத்தின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் 30 வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகள் 11.3 சதவீதத்தினரிடம் இருந்தன. ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். தினமும் வெற்றிலை போடும் பழக்கமே அதற்குப் பின்னால் நின்ற பெருங்காரணம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விகிதம் எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும்.

விடியற்காலையில் பெரட்டு எனும் பேர்ப்பதிவுக்குப் போய், மழையிலும் பனியிலும் மலையேறி, மத்தியானம்வரை பசியை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு வெற்றிலைதான் துணை. பசியை அது மறக்கடிக்கிறது, குளிருக்குச் சூடு தருகிறது, பக்கத்து நிரையில் நிற்பவரோடு பேச ஒரு சாக்கும் ஆகிறது. இதைப் பழிக்கிற உரிமை வெளியிலிருந்து எழுதுகிற எவருக்கும் இல்லை. ஆனால் வாய்க்குள் நடப்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற சேர்மம் உட்கன்னச் சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. மென்மையாக இருந்த உட்கன்னம் வெளிறி, பட்டையாகத் தடித்து, இறுகுகிறது. காரம் பட்டால் எரியும். பிறகு வாய் முழுதாகத் திறக்காமல் போகும். மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கிடையே நுழைக்க முடியாவிட்டால் வாய் போதிய அளவு திறக்கவில்லை என்று பொருள். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதான் போடுகிறேன், அதனால் பயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இளைஞர்கள் நாடிய புகையிலைக் கலவைப் பொட்டலங்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் இலங்கை அரசு 2016இல் தடைசெய்தது. பாக்கும் வெற்றிலையும் எப்போதும்போல் கடையில் கிடைக்கின்றன.

தாடைக்கோ கன்னத்துக்கோ வைக்கும் உள்வைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கன்ன உள்வைப்பைப் பெரும்பாலும் மேலுதட்டுக்கு உட்புறம் கீறித்தான் வைக்கிறார்கள். தாடை உள்வைப்பைக் கீழுதட்டுக்கு உட்புறமாகவும் வைக்கலாம், மோவாய்க்குக் கீழே தோலைக் கீறியும் வைக்கலாம். வெளியே தழும்பு தெரியாது என்பதால் வாய்க்குள் கீறுவதைப் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் வாய் கிருமிகள் நிறைந்த இடம். ஈறு வீங்கி, பல் சொத்தையாகி, சுண்ணாம்பும் பாக்கும் தினமும் உரசிப் புண்ணான ஒரு வாய்க்குள் கீறி, அந்த வழியாக உயிரற்ற ஒரு பொருளை எலும்பின்மேல் கொண்டுபோய் வைப்பது ஆபத்தை நாமே கூப்பிட்டுக்கொள்வதாகும். இன்னொரு தொடர்பு மயக்க மருந்தோடு. முழு மயக்கத்தில் சத்திரசிகிச்சை செய்யும்போது சுவாசக் குழாயை வழக்கமாக வாய் வழியாகவே இறக்குவார்கள். நார்த்திசு இறுகி வாய் சரியாகத் திறக்காதவருக்கு அது கடினம், சில வேளைகளில் உயிராபத்து. இதை முன்கூட்டியே அறிந்த மயக்க மருந்து நிபுணர் மாற்று வழிகளுடன் ஆயத்தமாக நிற்பார். அறியாதவர் சத்திரசிகிச்சை மேசையில்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடப் பெரிதாகவோ சப்பையாகவோ தெரிகிறது என்று உள்வைப்பைத் தேடிப் போகிறவர், அந்த வித்தியாசம் பிறவியிலேயே இருந்ததா, அண்மையில் வந்ததா என்று யோசிக்கவேண்டும். அண்மையில் வந்ததென்றால் அதற்கு அழகுச் சிகிச்சை பொருந்தாது. தாடை எலும்புக்குள் வளரும் கட்டி, நீர்க்கட்டி, பல்வேரில் தங்கிய சீழ், எதுவாகவும் இருக்கலாம். முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்றே ஒன்று எடுத்துவிட்டால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்துவிடும். அதை எடுக்காமல் எந்தப் பக்கத்தையும் நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி உள்வைப்பைப் பற்றி. மோவாய் பின்னுக்குப் போயிருக்கிறது என்பதுதான் தாடை உள்வைப்பைத் தேடுபவர்களின் பொதுவான குறை. பலருக்கு உண்மையில் பின்னுக்குப் போயிருப்பது கீழ்த்தாடை முழுவதும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துவதில்லை, உறக்கத்தில் குறட்டை வருகிறது, சிலருக்கு மூச்சு இடையிடையே நின்றும் போகிறது. அப்படிப்பட்டவருக்கு மோவாயில் ஒரு துண்டு சிலிக்கோனை வைத்தால் பக்கவாட்டுப் படம் அழகாக வரும். கடியும் மூச்சும் முன்பிருந்தபடியே இருக்கும். அவருக்குத் தேவை பல்சீரமைப்பும், வேண்டுமானால் தாடையையே வெட்டி முன்னகர்த்தும் சத்திரசிகிச்சையும். மோவாய் மட்டுமே சிறிதாக இருப்பவருக்குக்கூட, அவருடைய சொந்த எலும்பின் கீழ்ப்பகுதியை வெட்டி முன்னே தள்ளி, சிறிய டைட்டேனியத் தகட்டால் பொருத்தும் வழி ஒன்று உண்டு. உள்வைப்பு விற்பவர் இந்த வழியைப் பற்றி வாய்திறக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

திடமான சிலிக்கோன், நுண்துளைப் பொலித்தீன், விரிந்த டெஃப்லோன், டைட்டேனியம் என்று பொருட்கள் பல. இவற்றில் எது சிறந்தது என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். சிலிக்கோனைச் சுற்றி உடல் ஓர் உறை கட்டிவிடும், உள்ளே ஊடுருவாது. ஆகவே பிறகு எடுக்கவேண்டி வந்தால் எளிதாக வெளியே வரும், அதே காரணத்தால் இடம் நகரவும் கூடும். நுண்துளைப் பொலித்தீனின் துளைகளுக்குள் திசுவும் இரத்தநாளமும் வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நகராது, ஆனால் எடுக்கவேண்டி வந்தால் சுற்றியுள்ள திசுவைப் பிய்த்துத்தான் எடுக்கவேண்டும். என்னைக் கேட்டால், மறுபடி வைத்தியரிடம் போய்வரும் வசதி குறைந்தவருக்கு எடுக்க எளிதானதே பாதுகாப்பு என்பேன்.

மோவாயில் வைத்த உள்வைப்புக்குக் கீழே எலும்பு கரைவது 1969இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உள்வைப்பு சரியான இடத்தில், மோவாயின் அடிப்பக்கத்துக் கெட்டியான எலும்பின்மேல் உட்கார்ந்தால் கரைவு பெரும்பாலும் சிறிதாக நின்றுவிடும். மேலே ஏறிப் பல்வேர்களின்மேல் உட்கார்ந்தால் வேர்களுக்கே ஆபத்து. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள சிறு துவாரத்திலிருந்து வெளியே வருகிறது. அது இழுபட்டால் உதடு மரத்துப்போகும். பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது. தேத்தண்ணீர் உதட்டோரம் வழிவதுகூடத் தெரியாமல் ஆயுள் முழுக்க இருக்கச் சம்மதமா என்று கையெழுத்துப் போடுமுன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும்.

மூக்கின் கதை வேறு. மூக்குத்தண்டின்மேல் தோல் மெல்லியது, அங்கே எதையும் தாங்கக் கொழுப்பு இல்லை. சிலிக்கோன் வைத்த மூக்கில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நுனி சிவந்து, தோல் மெலிந்து, உள்வைப்பு வெளியே வந்துவிடக்கூடும். காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த சொந்தக் குருத்தெலும்பை வைப்பது கூடுதல் வேலை. விலாக் குருத்தெலும்பு வளைந்துபோவதும் உண்டு. ஆனாலும் தொற்றும் வெளித்தள்ளலும் அதில் குறைவு. வெளியே கீறும் எந்தச் சிகிச்சைக்கும் நம்மவர்கள் பார்க்கவேண்டிய ஓர் அடையாளம் உண்டு. காது குத்திய இடத்திலோ, பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பிலோ தடித்த, வளர்ந்துகொண்டே போகும் மேடு இருந்தால் உடல் தழும்பை மிகையாக வளர்க்கும் இயல்புடையது என்று அர்த்தம். கருத்த தோலில் இது கூடுதலாகக் காணப்படும். முதல் சந்திப்பிலேயே வைத்தியருக்கு அதைக் காட்டிவிடுங்கள்.

முகத்தை ஊசியால் நிரப்புவது சத்திரசிகிச்சை இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். 1899இல் வியன்னாவின் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபெர்ட் கெர்சுனி பரஃபீனை ஊசிவழி உடலுக்குள் செலுத்திக் குறையை நிரப்பத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் மோஸ்தரானது. பிறகு முகங்களில் கட்டிகளும் புண்களும் கிளம்பின. பரஃபீன் இடம் மாறி நகர்ந்தது. திரவ சிலிக்கோனுக்கும் அதே வரலாறுதான். திடமான சிலிக்கோன் துண்டு வேறு, ஊசியால் ஏற்றும் திரவ சிலிக்கோன் வேறு. முன்னதை எடுத்துவிடலாம், பின்னதைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. இன்று பரவலாகப் போடும் ஹயலுரோனிக் அமில நிரப்பி கரையக்கூடியது, அதைக் கரைக்க மருந்தும் உண்டு. ஆனால் அது தவறுதலாக இரத்தநாளத்துக்குள் போனால் தோல் கருகிப்போகலாம், கண்பார்வை போகலாம். அழகு நிலையத்தில் வைத்து இதைப் போட முன்வருபவரிடம் கரைக்கும் மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்வைப்பில் தொற்று ஏற்பட்டால் மாத்திரையால் மட்டும் தீருவது அரிது. கிருமிகள் உள்வைப்பின் மேற்பரப்பில் ஒட்டி, தங்களைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. மருந்து அதைச் சரிவர ஊடுருவுவதில்லை. பெரும்பாலும் உள்வைப்பை எடுத்தே ஆகவேண்டும். தொற்று, வைத்த முதல் வாரத்திலும் வரலாம், சில வருடங்கள் கழித்து ஒரு பல் சீழ்பிடித்த பிறகும் வரலாம். ஆகவே உள்வைப்பு வைத்துக்கொள்வது ஒரு நாள் வேலையாக முடியாது. வைத்தவரோடும் வைத்தியசாலையோடும் ஆண்டுக்கணக்கில் தொடர்பு வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கை அந்தத் தொடர்பை எவ்வளவு தாங்கும்? இதற்கும் இலங்கையிலேயே ஒரு பழைய ஆய்வு விடை வைத்திருக்கிறது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் வாய்ப்புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்த அந்த ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. பணியாளர்கள் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேரை மறுபரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல். கண்டுபிடிப்பது முடிந்த காரியம்தான், திரும்ப வரவைப்பதுதான் கடினம் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. புற்றுநோய் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பியும் ஏறத்தாழ பாதிப்பேர் வரவில்லையென்றால், உதட்டு மரப்பைக் காட்ட யார் வருவார்?

வராமலிருப்பதற்கு அலட்சியம் காரணம் இல்லை. வைத்தியசாலைக்குப் போகும் நாளில் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இரத்தினபுரி நகரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மலைத்தோட்டத்து லயத்திலிருந்து முதலில் பாதைக்கு இறங்கவேண்டும், பிறகு பஸ். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் சம்பளம் போகும். கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலைசெய்து கொஞ்சம் சேர்த்த பிள்ளை அங்கேயே சிகிச்சை செய்துகொண்டு ஊருக்கு ஓய்வெடுக்க வந்தால், மூன்றாம் நாள் வீக்கம் கூடினால் யாரிடம் காட்டுவது? தோட்ட வைத்தியசாலையில் இருக்கும் மருத்துவ உதவியாளர் காயத்தைக் கழுவிக் கட்டலாம். உள்ளே என்ன பொருள், எங்கே வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சென்னைக்கு விமானமேறிச் செய்துகொண்டு வருபவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஒரு கடல் தூரம் பெரிது.

ஓய்வைப் பற்றியும் நினைக்கவேண்டும். முகச் சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அவை முகத்துக்குப் போகும் இரத்த அழுத்தத்தைக் கூட்டி இரத்தக்கசிவையும் வீக்கத்தையும் வரவழைக்கும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, நனைந்த கொழுந்தின் பாரத்தோடு சரிவில் குனிந்து நிற்பதும், ரப்பர் மலையில் பால் வெட்டி வாளியோடு இறங்குவதும் அந்த நாட்களில் முடியாத வேலைகள். புகைத்தலையும் வெற்றிலையையும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்கவேண்டும், காயம் ஆறும்வரை தொடவும் கூடாது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனைகளைத் தவிர்க்கக்கூடாது. தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை நெடுநாளைய துயரம். இந்த வாரங்களுக்கான சம்பள இழப்பையும், தேவைப்பட்டால் உள்வைப்பை எடுப்பதற்கான செலவையும் கைக்காசாக வைத்திருக்காதவர், நகையை அடகு வைத்தோ நுண்கடன் வாங்கியோ இதில் இறங்கக்கூடாது. கடனில் வைத்த உள்வைப்பில் தொற்று வந்தால் அதை எடுக்க இன்னொரு கடன் வேண்டும்.

செய்பவர் யார் என்பதைச் சரிபார்க்க நாட்டில் வழி இருக்கிறது. வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கவேண்டும். நிபுணர் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயின்று, எந்தத் துறையில் சான்று பெற்றார் என்று கேட்கலாம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரும், பல்மருத்துவத்திலிருந்து வந்த வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் இந்த வேலைக்குரிய பயிற்சி உடையவர்கள். தனியார் வைத்தியசாலை 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுபெற்றிருக்கவேண்டும். உள்வைப்பு ஒரு மருத்துவச் சாதனம், அது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அதிகாரத்துக்குள் வருகிறது. பெட்டியின்மேல் ஒட்டிய சிட்டையில் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். அதன் ஒரு பிரதியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு பிரான்சின் பிஐபி நிறுவனம் சாட்சி. மார்பக உள்வைப்புகளில் மருத்துவத்துக்கு உதவாத தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி உலகமெங்கும் விற்றது அது. 2010இல் அம்பலமாகி, அதன் நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். உள்ளே இருப்பது யாருடைய தயாரிப்பு என்ற எழுத்து கையில் இருந்தால் சரியான நேரத்தில் நடவடிக்கை எடுப்பது எளிது.

சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டுமே தந்தால், உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் முழுவதையும் வாசித்துத் தமிழில் சொல்லும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

பிறவியில் உதடு, அண்ணம் பிளந்தவர்கள், பாதை விபத்திலோ மாணிக்கக் குழியிலோ முகம் உடைந்தவர்கள், வாய்ப்புற்றுநோய்க்காகத் தாடையை இழந்தவர்கள் ஆகியோருக்கு முகத்தைத் திருத்துவது அழகுச் செலவு ஆகாது. அது மருத்துவ உரிமை. இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளிலும், பேராதனைப் பல்வைத்தியசாலையிலும், கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் அரச செலவில் இந்தச் சிகிச்சைக்கு வழி உண்டு. சில வேளை தகடு போன்றவற்றை வெளியே வாங்கிவரச் சொல்வதும் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் லண்டனின் கிரேட் ஒர்மண்ட் ஸ்ட்ரீட் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கல் மார்ஸ் காலியில் தொடங்கிவைத்த உதடு, அண்ணப் பிளவுச் சிகிச்சைத் திட்டத்தின்போது, பிளந்த உதட்டோடு சத்திரசிகிச்சை இல்லாமலே வளர்ந்து பெரியவர்களானவர்கள் ஏராளமாக வந்தார்கள். அவர்களின் முகங்களை அளந்தபோது மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தது. பிளவுள்ள பிள்ளைகளின் தாடை பின்னடைவதற்குச் சிறுவயதுச் சத்திரசிகிச்சையின் தழும்பும் ஒரு காரணம் என்று அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. பிளவு உதட்டுக்கு உரிய வயதில் சிகிச்சை அவசியம்தான். ஆனால் வளர்ந்து முடியாத முகத்தில் அழகுக்காகக் கத்தி வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பையனின் மோவாய் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பையன் தன் மூக்கு பெரிது என்று நம்புவதற்குக் கைபேசியே காரணமாக இருக்கலாம். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் ஆணின் மூக்கு, 5 அடித் தூரத்திலிருந்து எடுப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்சின் குறைக்கு எலும்பில் பரிகாரம் தேடுவது கொடுமை. பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நாளெல்லாம் கண்ணாடியில் தேடி, வெளியே போகவும் கூசுகிறவருக்கு வேண்டியது மனநல வைத்தியரின் உதவி. சத்திரசிகிச்சை அவரை ஆற்றுவது அரிது. பெரும்பாலும் அடுத்த குறையைத் தேடவைக்கும்.

இவ்வளவையும் எடைபோட்டு, வளர்ந்த ஒருவர் தெளிந்த மனத்தோடு தன் முகத்தை மாற்ற விரும்பினால் அது அவருடைய உரிமை. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஆசை வரக்கூடாது என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான். கொழும்பில் எந்த டொக்டரையும் சனல் பண்ணுவதற்கு முன், பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் ஒரு காலை வேளையைச் செலவிடுங்கள். வாயைத் திறந்து காட்டுங்கள், வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது வெற்றிலை போடும் அம்மாவையும் கூட்டிப்போங்கள். தொழிற்சங்கங்களும் தோட்ட நிர்வாகங்களும், வாய்ப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு வருடத்தில் ஒரு நாளாவது சம்பளத்தோடு பேர் போட ஒப்பந்தத்திலேயே வழிசெய்யவேண்டும்.